சுண்டெலிக்கு ஊசி போடுற கை

வணக்கம் நேயர்களே. வலி மருந்தை முதல்ல சுண்டெலிக்குத்தான் குடுத்துப் பாக்குறாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஆனா அதை எப்படிக் கலக்குறாங்க, எப்படிப் போடுறாங்கன்னு யாரும் பேசுறதில்ல, ரிசல்ட் பாதி அங்கதாங்க முடிவாகுது.

ஒரு எலி 25 கிராம்னு வைங்க. மார்ஃபின்ங்கிற வலி மருந்து, எலியோட எடையில கிலோவுக்கு 10 மில்லிகிராம்னா இதுக்குக் கால் மில்லிகிராம்தான். 0.9 சதவீத சலைன்ல, அதாவது உப்புத் தண்ணில, ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம்னு கரைச்சு வச்சுட்டா 0.25 மில்லி தோலுக்கடியில போட்டா சரியா இருக்கும். ஒவ்வொரு எலியையும் அன்னன்னிக்கு எடை போடணும், குத்துமதிப்பா போடவே கூடாது. உப்பு வடிவத்துல வர்ற மார்ஃபின் சலைன்ல கரைஞ்சிடும், ஆனா எலிக்கு வலியை உண்டாக்கிப் பாக்கப் போடுற மிளகாய்க் காரம் இருக்கே, கேப்சைசின், அது தண்ணில கரையாது, எத்தனாலும், ட்வீன் 80ங்கிற கரைய உதவுற சோப்பு மாதிரி பொருளும் சேர்த்துக் கரைக்கணும், அந்த எத்தனாலே எரியும், அதனால மருந்து இல்லாத அதே கலவையை இன்னொரு குரூப்புக்குப் போட்டுப் பாக்கலன்னா எரிச்சல் எதால வந்துச்சுன்னே சொல்ல முடியாது.

அடுத்தது எலியைத் தூக்குறது. வாலைப் புடிச்சுத் தூக்குறதை விட உள்ளங்கையில ஏந்தியோ டியூப்ல ஏறவிட்டோ எடுத்தா பயம் குறையுதுன்னு 2010லயே ஹர்ஸ்ட், வெஸ்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிட்டாங்க. இன்னும் பழைய மாதிரியே தூக்குற லேப்களை நினைச்சா எனக்கு மனசு ஆறல. பயம் வந்தா உடம்பே வலியை அமுக்கிடும், அப்போ ஒண்ணுத்துக்கும் உதவாத மருந்து கூட வேலை செய்யுற மாதிரி தெரியும். 2014ல மெக்கில் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி மோகில் குழு பாத்தாங்க, ஆம்பளைங்க ரூம்ல இருந்தாலோ, ஏன், அவங்க போட்ட டி-ஷர்ட்டைப் பக்கத்துல வச்சாலோ கூட எலி வலியைக் கம்மியா காட்டுச்சு, பொம்பளைங்க இருந்தா அப்படி இல்ல. யார் ஊசி போட்டாங்கன்னு நோட்டுல எழுதியே ஆகணும்.

பாக்குறவங்க மனசு ஒரு பக்கம் சாயக்கூடாதுன்னு, எந்த சிரிஞ்சுல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாம கோட் நம்பர் போட்டுக் குடுப்பாங்க. ஆனா மார்ஃபின் ஏறின எலியோட வால் விறைச்சு முதுகுப் பக்கம் வளைஞ்சு நிக்கும், 1911ல ஸ்ட்ராப்னு ஒருத்தர் எழுதினது. வாலைப் பாத்ததும் குட்டு வெளிப்பட்டுடும், அதனால பாதம் மட்டும் தெரியுற வீடியோவை வேற ஆள் பாத்து வலிக்கு ஸ்கோர் போடுறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் 55 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தட்டு, அதுல எலியை விட்டு, சூடு தாங்காம எப்போ காலை நக்குதுன்னு பாக்குற சோதனை. மருந்து நல்லா புடிச்ச எலி காலை நக்காம அசையாம நிக்கும், வலி தெரியாது, ஆனா பாதம் பொசுங்கிடும். அதனால 30 செகண்டுன்னு ஒரு கெடு வச்சிருந்தா, நக்கலன்னாலும் முப்பதாவது செகண்டுல எலியைத் தூக்கி வெளிய எடுத்துடணும்.