விலை ஏறினால் இசை ஏறுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இசை நிகழ்ச்சிக்குப் பெருந்தொகை கொடுத்து டிக்கெட் வாங்குவது தகுமா, தகாதா என்பது இன்றைய வழக்கு. தகாது என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தம் உரையில் மூன்று காரணங்களை அடுக்கினார். நேரில் கேட்கும் இசைக்கு ஈடு இணை கிடையாது என்றார். பாட்டு இணையத்தில் கிட்டத்தட்ட இலவசமாகிவிட்ட காலத்தில் கலைஞருக்கு மேடைதான் சோறு போடுகிறது என்றார். வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். இவற்றுள் முதல் காரணத்தை நான் மறுக்கவே போவதில்லை. ஓர் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாடுபவர் மேல்நிலையில் நிறுத்திய சுரத்தை எப்போது இறக்கப் போகிறார் என்று காத்திருக்கும் அந்தச் சில நொடிகளை வீட்டில் இருந்துகொண்டு எந்தக் கருவியாலும் பெற முடியாது. அந்த நொடிகளுக்காகத்தான் நாமெல்லாம் போகிறோம். ஆனால் பத்து மடங்கு விலை கொடுத்தவருக்கு அந்த நொடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றனவா? இதற்கு எதிரணி இதுவரை விடை சொல்லவில்லை.

இசைக்குப் போவது காதுக்காக என்பதால் காதிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய அரங்குகளில் மேடையை ஒட்டிய வரிசைகளுக்கே விலை உச்சத்தில் இருக்கும். ஆனால் ஒலியைக் கலந்து அனுப்பும் பொறியாளர் அங்கே உட்காருவதில்லை. அவருடைய மேசை மேடையிலிருந்து நன்றாகத் தள்ளி, கூட்டத்தின் நடுவாக்கில், இருபுறத்து ஒலிபெருக்கிகளின் ஓசையும் சமமாக வந்து சேரும் இடத்தில் போடப்பட்டிருக்கும். குரல் எவ்வளவு மேலே இருக்க வேண்டும், தாளம் எவ்வளவு அடங்க வேண்டும், கிதார் எங்கே எழ வேண்டும் என்பதையெல்லாம் அவர் அந்த இடத்தில் தம் காதில் விழுவதை வைத்தே தீர்மானிக்கிறார். மேடைக்கு இருபுறமும் உயரத்தில் தொங்கும் பெரிய ஒலிபெருக்கிகள் தொலைவில் உள்ளவர்களையும் எட்டும்படி குறிவைக்கப்படுவதால், அவற்றின் ஒலி பெரும்பாலும் முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மேடை விளிம்பில் சிறிய ஒலிபெருக்கிகளை வைத்து அவர்களுக்குத் தனியாகக் குரலைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதனோடு மேடைமேல் அடிக்கப்படும் டிரம்ஸின் நேரடி ஓசையும், பக்கத்தில் இருக்கும் ஒற்றைக் கருவியின் இரைச்சலும், நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் தாழ்சுர ஒலியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். ஆக, கலந்து அனுப்பப்படும் இசையைக் கலந்தபடியே கேட்பவர் அந்த மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தவரே. அவர் கொடுத்தது பெரும்பாலும் நடுத்தர விலை.

முன்வரிசை முகம் பார்ப்பதற்கு என்று எதிரணி சொல்லக்கூடும். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். நெற்றியில் வியர்வை துளிர்ப்பதைப் பார்க்கும்போது பாட்டு வேறு விதமாக நெருங்கி வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நெருக்கம் சில நூறு பேருக்குத்தான். உயர்ந்த விலை கொடுத்தும் பல்லாயிரம் பேர் அதற்கு வெகு பின்னால், ராட்சதத் திரையைப் பார்த்தபடிதான் நிற்கிறார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் பயணம் செய்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குத் திரையில் குச்சி டிரம்ஸைத் தொட்டு நொடியில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு கழிந்த பிறகே அடி கேட்கும். இடையிடையே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நட்டு, தாமதத்தைக் கணக்கிட்டு ஒலியைச் சீராக்கி அனுப்பினாலும் அது கேட்பதைத் தெளிவாக்குமே தவிர, கண்ணுக்கும் காதுக்கும் விழுந்த இடைவெளி அங்கேயேதான் இருக்கும்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் இசைக்குழு பாடியபோது கூடிய 55,000க்கும் மேற்பட்டவர்கள் பேறு பெற்றவர்கள் என்றார். அவர்கள் பேறு பெற்றவர்கள்தாம். ஆனால் அந்த மாலையைச் சான்றுக்கு அழைத்தவர் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒன்று, விளையாட்டரங்கில் அறிவிப்புக்காக இருந்த ஒலிபெருக்கிகள் வழியே வந்த பாட்டைக் கூட்டத்தின் கூச்சல் மூழ்கடித்துவிட்டது. மேடையில் இருந்த நால்வருக்குமே தாம் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டோடு அவர்கள் சுற்றுப்பயணங்களையே நிறுத்திவிட்டார்கள். மற்றொன்று, அந்த வரலாற்று நிகழ்ச்சிக்கான டிக்கெட் 6 டாலருக்கும் குறைவு. விலைவாசி உயர்வைச் சேர்த்து இன்றைய மதிப்பில் பார்த்தாலும் 60 டாலரைத் தாண்டாது. உலகமே முண்டியடித்த நிகழ்ச்சிக்கு அன்று அவ்வளவுதான் வாங்கினார்கள் என்றால், அருமையான வாய்ப்புக்கு அரிய விலைதான் கொடுக்க வேண்டும் என்ற வாதம் எங்கே நிற்கிறது?

இன்று விலை எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கும்படி நடுவர் அவர்களை வேண்டுகிறேன். 2022இல் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்குத் தேவைக்கேற்ப ஏறும் விலைமுறை கையாளப்பட்டது. சில இருக்கைகள் 5,000 டாலரை எட்டின. 2024 ஆகஸ்டில், பிரிந்துபோன ஒயாசிஸ் குழு மீண்டும் சேர்கிறது என்ற அறிவிப்பு வந்து, பிரிட்டனில் மக்கள் இணையத்தில் மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்தார்கள். ஏறத்தாழ 150 பவுண்டு என்று நினைத்து நின்ற இடங்களுக்குத் தங்கள் முறை வந்தபோது 350 பவுண்டுக்கும் மேல் கேட்கப்பட்டதைப் பார்த்துத் திகைத்தார்கள். மழை வலுத்ததும் குடைக்காரர் விலையை ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்த விற்பனையை ஆராய்ந்த பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2025 மார்ச்சில் தன் கவலையை வெளியிட்டது. ‘பிளாட்டினம்’ என்று பெயரிட்ட இருக்கைகளை, அவற்றுக்கு நிகரான சாதாரண இருக்கைகளைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விலைக்கு டிக்கெட்மாஸ்டர் என்ற விற்பனை நிறுவனம் விற்றது என்றும், அவற்றால் கூடுதல் வசதி எதுவும் கிடையாது, பல சமயம் அவை அரங்கின் அதே பகுதியில்தான் உள்ளன என்பது வாங்குவோருக்குப் போதிய அளவு விளக்கப்படவில்லை என்றும் அது சொன்னது. அதே படிக்கட்டு, அதே கோணம், அதே ஒலி. பக்கத்தில் இருப்பவர் கொடுத்ததைவிட இரண்டரை மடங்கு கொடுத்தவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டும்தான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே அளக்கும் கோலையே விற்பவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

கலைஞர் பிழைக்க வேண்டாமா என்று கேட்டார் எதிரணித் தலைவர். நெஞ்சைத் தொடும் கேள்வி இது. அதனால்தான் இதற்கு ஒப்புக்குப் பதில் சொல்லக் கூடாது. இசை இனிக் குழாய்த் தண்ணீரைப்போல, மின்சாரத்தைப்போல ஆகிவிடும், கலைஞர்கள் ஓயாத சுற்றுப்பயணத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்று பாடகர் டேவிட் போவி 2002ஆம் ஆண்டிலேயே சொன்னார்; அவர் சொன்னபடியே நடந்தது. ஆனால் மேடை வருமானம் யாருக்குப் போகிறது? பொருளியலாளர் ஆலன் குருகர் கணக்கிட்டுக் காட்டியபடி, 1982இல் உலகக் கச்சேரி வருவாயில் 26 விழுக்காடு உச்சியில் உள்ள ஒரு விழுக்காட்டுக் கலைஞர்களுக்குச் சென்றது. 2017இல் அது 60 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. எதிரணி யாருக்காக உருகுகிறதோ அந்த எளிய கலைஞர் மீதமுள்ளதில் பங்கு கேட்டு நிற்கும் பெருங்கூட்டத்தில் ஒருவர். ஒரு ரசிகர் ஓராண்டில் இசைக்கென்று ஒதுக்கக்கூடிய பணம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை ஒரே இரவில் ஒரே பெரும்புள்ளிக்குக் கொடுத்துவிட்டால், இருநூறு பேர் அமரும் சிற்றரங்கில் புதிதாக எழும் குரலைக் கேட்கப் பத்து மாலைகள் போயிருக்கக்கூடிய பணம் தீர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய 125 சிற்றரங்குகள் மூடப்பட்டதாக அவற்றுக்கான அறக்கட்டளை தெரிவித்தது. பெரிய அரங்குகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டையாவது அவற்றுக்குத் தாருங்கள் என்று கோரிக்கை வைக்க வேண்டிய நிலை அங்கே வந்திருக்கிறது. உச்ச விலை கலையை வாழவைக்கிறது என்றால் கலை பிறக்கும் இடங்கள் ஏன் கையேந்துகின்றன?

மறுவிற்பனைக்காரருக்குக் கொடுக்கும் மிகைத் தொகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதில் பெரும்பாலும் ஒரு காசுகூடப் பாடியவர் கைக்குப் போவதில்லை என்பது எதிரணிக்கும் தெரியும்.

பொருளை வாங்குவதைவிட அனுபவத்தை வாங்குவதே நீடித்த மகிழ்ச்சி தருகிறது என்ற உளவியல் ஆய்வை எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் மேற்கோள் காட்டினார். வான் போவனும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட அந்த ஆய்வு பொருளையும் அனுபவத்தையும் ஒப்பிட்டது. மலிவான அனுபவத்தைவிட விலை கூடிய அனுபவம் மேலானது என்று அது சொல்லவில்லை. அதிகம் கொடுத்தவர்தான் ஈடுபாட்டோடு வருவார் என்றும் அந்தப் பேச்சாளர் வாதிட்டார். அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவச்சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் குலுக்கல் முறையில் விற்றார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிகமாக வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. கொடுத்த பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற உறுத்தல் காலை நடக்கவைக்குமே ஒழிய, மனத்தைக் கரையவைக்காது. பெரும் விலை கொடுத்துவிட்டு, அதற்குச் சான்று சேர்ப்பதுபோல் நிகழ்ச்சி முழுவதையும் கைப்பேசியை உயர்த்தியபடியே கழிக்கும் கைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

விலையைக் குறைத்தால் தரம் குறையும் என்ற அச்சத்துக்கு 1895இலேயே விடை கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு லண்டனில் ராபர்ட் நியூமன் என்ற மேலாளரும் ஹென்றி வுட் என்ற இசை நடத்துநரும் புராம்ஸ் என்னும் செவ்வியல் இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கியபோது, கச்சேரிக்குப் போயே பழகாத மக்கள் வர வேண்டும் என்பதற்காக நின்று கேட்கும் இடங்களை மிக மலிவாக வைத்தார்கள். இன்றும் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அந்த வழக்கம் தொடர்கிறது. நின்று கேட்பவர்களுக்கான தளம் எங்கோ மூலையில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். அது இசைக்குழுவுக்கு நேர் முன்னால், நடத்துநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அரங்கின் மிக நெருக்கமான இடம் மிகக் குறைந்த விலைக்கு! உலகின் முதன்மையான இசைக்குழுக்கள் இந்த ஏற்பாட்டை அறிந்தே அங்கே வந்து வாசிக்கின்றன.

கடைசியாக, வாழ்நாளில் ஒருமுறை என்ற வாதம். அந்த ஏக்கம் உண்மையானது என்பதனாலேயே அதற்கு விலை வைப்பதை நான் எதிர்க்கிறேன். விலையை ஏற்றுவது தவிர்க்க முடியாத விதியும் அல்ல. பிரிட்டனில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அதே ஒயாசிஸ் குழு வட அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு ஏறும் விலைமுறை வேண்டாம் என்று விலக்கிவைத்தது. 2023இல் தி கியூர் குழு தன் வட அமெரிக்கப் பயணத்தில் ஏறும் விலைமுறையை மறுத்து, 20 டாலரிலிருந்து டிக்கெட்டுகளை விற்றது. சேவைக் கட்டணங்கள் சேர்ந்து டிக்கெட் விலையையே மிஞ்சியபோது, பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். விற்பனை நிறுவனம் மிகக் குறைந்த விலை டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பித் தந்தது. அந்தப் பயணத்தில் அவர்கள் பல ஊர்களில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பாடினார்கள். 20 டாலர் கொடுத்து மேல்தட்டில் அமர்ந்தவரும் அந்த இரண்டரை மணி நேரத்தையும் முழுதாகக் கேட்டார். அவர் கேட்காத எந்தச் சுரத்தை 5,000 டாலர் கொடுத்தவர் வேறோர் அரங்கில் கேட்டுவிட்டார் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து இந்த அவைக்குச் சொல்லட்டும். சொல்ல இயலாவிட்டால் தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.