பாடியது யார், சொல்லுங்கள்!

(திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, அரங்கை வாடகை வாங்காமல் தந்த கல்லூரி முதல்வர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, நடுவில் கரண்ட் போனபோதும் இடத்தைவிட்டு எழாத ரசிகப் பெருமக்களே, வணக்கம். கல்வி அலுவலர் ஐயா ஏன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்? முன்னால் வாங்க ஐயா. நன்றி.

இப்போது பார்த்தோமே 'தட் திங் யூ டூ', அது நடிகர் டாம் ஹாங்ஸ் 1996-ல் எழுதி இயக்கிய படம். கதை நடப்பது 1964-ல். பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊரின் நாலு பையன்கள் ஒரே பாட்டில் அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கி, வந்த வேகத்தில் பிரிந்தும் போகிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அந்தப் பாட்டு, பழசின் மேல் நமக்குள்ள பித்து, இசைக் கம்பெனிகளின் ஒப்பந்தம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கல்லூரிப் போட்டியில் டிரம்ஸுக்குப் பதிலாளாக வந்த கடைக்காரர் மகன், மெதுவாகப் போகவேண்டிய பாட்டை வேகமாகத் தட்டிவிடுகிறான். பாடகன் திரும்பித் திரும்பி முறைக்கிறான். இவன் நிறுத்துவானா? கூட்டம் ஆடத் தொடங்கிவிட்டது!

அப்புறம் அந்த ரேடியோ காட்சி. நம் அரங்கிலும் விசில் பறந்ததே! காதில் சின்ன ரேடியோவை மாட்டிக்கொண்டு தெருவில் வருகிறாள் பாடகனின் காதலி ஃபே. திடீரென்று அவர்கள் பாட்டு. போட்டாள் ஒரு கூச்சல்! ஓடுகிறாள். எங்கே? டிரம்ஸ்காரப் பையனுடைய அப்பாவின் கடைக்கு. ரேடியோவும் வாஷிங் மெஷினும் விற்கிற கடை. டிரம்ஸ்காரப் பையன் ஒரு ரேடியோவைத் திருகுகிறான், போதவில்லை, இன்னொன்றைத் திருகுகிறான். மற்றவர்களும் வந்து சேர, கடைக்குள்ளேயே குதியாட்டம். அமெரிக்காவில் இந்தப் படத்தின் ரசிகர்கள் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். படம் முழுக்க அதே பாட்டு எத்தனை தடவை வருகிறது, யாருக்காவது சலித்ததா?

ஆனால் திரையில் பாடிய நடிகர் வாயசைத்தவர். குரல் மைக் வயோலாவுடையது. பாட்டை எழுதி மெட்டமைத்தவர் ஆடம் ஷ்லெசிங்கர். 1964-ல் வந்த பாட்டு என்றே நம்பும்படி செய்தார், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. 2020 ஏப்ரல் 1 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. வயது 52. அதே மாதம் படத்தின் நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் கூடி, ரசிகர்களோடு படத்தைப் பார்த்து, இசைக் கலைஞர்களுக்கு நிவாரண நிதி திரட்டினார்கள். ஒரு சோறு பதம், சரி. சமைத்தது யார் என்று கேட்க வேண்டாமா?

அன்று இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்வார்கள். எங்கள் தலைமுறை அப்படித்தான் பெயர்களைக் கற்றது. இன்று பண்பலையைத் திருப்புங்கள். பாட்டு முடியுமுன்னே நகைக்கடை விளம்பரம்! கல்லூரி விழாக்களில் மட்டும் என்ன வாழ்கிறது? "அடுத்து ஒரு குத்துப் பாட்டு" என்பதோடு சரி. முதல்வர் அவர்களே, உங்கள் ஆண்டுவிழாவிலிருந்து இதை மாற்றித் தாருங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். பித்தையும் ஒப்பந்தத்தையும் விட்டுவிடுகிறேன். பண்பலை நிலையங்களுக்கு அனுப்பவேண்டிய கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் வண்டியை எடுக்காதீர்கள். பேனா நூலகர் அம்மாவிடம்.