ஸ்டுட்கார்ட்டில் நின்று பார்க்க வேண்டிய தளம்

(பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி செல்லும் மாணவர்களுக்காகக் கோவையில் நடைபெற்ற வழியனுப்பு விழாவில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

உங்கள் பயணத்திட்டத்தில் ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். 2006இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் லிஃப்டில் உச்சித் தளத்துக்கு ஏறிவிட்டு, சுற்றிச் சரியும் பாதையில் காலவரிசைப்படி கீழே இறங்கி வர வேண்டும். முன்பு என்னுடன் வந்த மாணவர்கள், உச்சித் தளத்தின் தொடக்கத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரைப் பொம்மையோடு படம் எடுத்துக்கொண்டு, கீழ்த்தளத்துப் பந்தயக் கார்களை நோக்கி விரைந்துவிட்டார்கள். வயது அப்படி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இயந்திரவியல் படிப்பவர் பொழுதைச் செலவிட வேண்டியது மேல்தளத்தில்தான்.

அங்கே நிற்கும், ஜெர்மன் பொறியாளர் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் மறைப்பு என்று எதுவுமே இல்லை. இருக்கைக்குப் பின்னால் படுக்கைவசமாக ஒற்றைச் சிலிண்டர், அதன் கீழே ஃப்ளைவீல் எனும் பெரிய கனமான சுழல்சக்கரம், அங்கிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செயின். நம் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் இன்ஜினைப் பார்த்தவருக்கு இதில் பாதி புரிந்துவிடும். 954 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. திறன் ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஃப்ளைவீலை ஏன் கிடையாகப் பொருத்தினார் என்று கேளுங்கள். செங்குத்தாகச் சுழன்றால் வளைவில் வண்டியைத் திருப்ப விடாது என்று அவர் அஞ்சினார்.

வண்டியைச் செய்தவர் அவர். அதைச் சாலையில் சோதித்தவர் அவருடைய மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மேட்டில் வண்டி திணறியபோது மகன்கள் தள்ளினார்கள். இறக்கத்தில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் எனும் உராய்வுப் பட்டையின் தொடக்கம் இதுவே என்பார்கள். ஊர் திரும்பியதும் மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னது, என் மதிப்பில், எந்த ஆய்வறிக்கைக்கும் குறைந்ததன்று. பட்டறையில் கண்டுபிடிக்க முடியாத குறைகளைச் சாலை ஒரே பகலில் காட்டிக்கொடுத்தது.

பட்டறைக்கும் சாலைக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொடங்கியவர். பின்னர் 1937இல் கோவையில் மின்மோட்டார் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. அவர் பெயரைத் தாங்கிய ஜீடி கார் அருங்காட்சியகம் அவினாசி சாலையில் 2015 முதல் இயங்கி வருகிறது. உங்களில் பலர் தினமும் பேருந்தில் அதைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறீர்கள்; உள்ளே சென்றவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அவை எப்படி அமைதியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பு, ஒரு சனிக்கிழமை அங்கே செல்லுங்கள். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, ஏதேனும் ஒரு பழைய வண்டியைத் தேர்ந்து, மிதி முதல் சக்கரம் வரை அதன் பிரேக் அமைப்பைக் குறிப்பேட்டில் பென்சிலால் வரையுங்கள். அந்தக் குறிப்பேட்டை ஸ்டுட்கார்ட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த பக்கத்தில் பென்ஸ் வண்டியின் பிரேக்கை வரையலாம். ஜெர்மன் மாணவர்கள் மறுபயணமாகக் கோவைக்கு வரும்போது, அவினாசி சாலைக்கு அவர்களை அழைத்துச் சென்று விளக்கிச் சொல்லப்போகிறவர்களும் நீங்களே.