இரண்டாவது ஆர்டர் வருகிறதா? | மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து ஆன்லைன் வியாபாரம்

வணக்கம் மக்களே. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் மழைச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் ஓட்டு வீட்டில் வீடியோ எடுக்கிறவர்களுக்கு இதுதான் கதி.

கடற்கரையில் சாய்வு நாற்காலி, மடியில் லேப்டாப், கையில் இளநீர், "தூங்கும்போதும் பணம் வரும்" என்று ஒரு விளம்பரம் எல்லோருடைய போனிலும் ஓடுகிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். "எக்கா, வேலையை விட்டுட்டு நானும் இன்டர்நெட் மார்க்கெட்டிங்குல இறங்கட்டா?" முட்டம் கடற்கரையில் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். வெயிலில் திரை தெரியாது, கீபோர்டுக்குள் மணல் போய்விடும். இளநீர் மட்டும் நிஜம்.

ஆனால் அந்த ஆசை தப்பில்லை. நம் ஊரில் படித்து முடித்த பையன் முதலில் பார்ப்பது கல்ஃப் விசா, இல்லாவிட்டால் சென்னை, பெங்களூரு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு கேட்கணும், டிக்கெட் பார்க்கணும். எனக்கு வேண்டிய சுதந்திரம் ரொம்பச் சின்னது. ஊரில் இருக்கணும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கணும், யாரிடமும் லீவு கேட்கக் கூடாது. அதற்கு இணையம் உதவுகிறது. எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் விற்பது தேனும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும். இரண்டையும் நான் தயாரிப்பதில்லை. பக்கத்தில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம் தேன் வாங்குகிறேன். சிப்ஸ் போடுகிற ஓர் அண்ணாச்சியிடம் சிப்ஸ். என் வேலை, இதைத் தேடுகிற ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இன்டர்நெட் மார்க்கெட்டிங் என்று பெரிய பெயரில் சொல்வது இவ்வளவுதான்.

முதலில் தேன். மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. மூலமாக வந்தது, ஸ்பென்சர் ஹாட்ச் என்கிற அமெரிக்கர் காலத்தில். நூறு வருஷத்துச் சங்கதி. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்கு, இந்த ஊர்ப் பொருள் என்று அங்கீகரிக்கிற புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு பெயர் இருக்கிற பொருள் வீட்டு வாசலில் கிடைக்கும்போது, எங்கிருந்தோ போன் கவரும் ப்ளாஸ்டிக் விளக்கும் வரவழைத்து விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை. அதே கவரை ஊர் முழுக்க விற்கிறார்கள். அங்கே விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. (ஒரு விஷயம்: குறியீடு இருக்கிறது என்பதற்காக நம் இஷ்டத்துக்கு அந்த முத்திரையை லேபிளில் ஒட்ட முடியாது. சென்னையில் இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்கணும்.)

சரி, வாங்குகிறவர் எங்கிருந்து வருகிறார்? எனக்கு அதிகம் ஆள் கொண்டுவந்தது விளம்பரம் இல்லை, ஒரு சந்தேகம்தான். தேன் பாட்டில் அடியில் வெள்ளையாக உறைந்து கிடந்தால் உடனே எல்லோரும் கூகுளில் தேடுவார்கள், "தேன் கட்டியானால் கலப்படமா?" என்று. நம் பகுதித் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ஜனவரி வாக்கில் ரப்பர் மரம் இலையுதிர்த்துவிட்டுத் தளிர் விடும். மூன்று சிற்றிலை சேர்கிற காம்பு நுனியில் இனிப்பு நீர் கசியும், பூவில் இல்லை, இலைக் காம்பில். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தேனீ அதைத்தான் குடித்துக் கொண்டுவரும். அந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் தானாக இளகிவிடும். அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்காதீர்கள். தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைப்பது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, இந்தச் சோதனை எதையும் நம்பி முடிவு செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லி, போனில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். எடிட்டிங் ஒன்றும் கிடையாது, ஒரு பாட்டில், ஒரு கிண்ணம் சுடுதண்ணீர், என் கை. நான் தூங்கும்போது யாராவது வேலை செய்கிறார்கள் என்றால் அது அந்த வீடியோதான். அதில் "வாங்குங்கள்" என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. சந்தேகம் தீர்ந்த ஆள் கீழே இருக்கிற நம்பருக்கு அவராகவே செய்தி அனுப்புகிறார்.

ஆகையால் என்ன விற்கலாம் என்று யோசிக்கும் முன்னால், உங்கள் பொருளைப் பற்றி ஆட்களுக்கு என்ன பயம், என்ன குழப்பம் என்று பாருங்கள். அதற்குப் பதில் சொல்கிற ஆளிடம்தான் வாங்குவார்கள். நீங்கள் அந்தப் பொருளோடு புழங்கியிருந்தால் மட்டுமே அந்தப் பதில் உங்களிடம் இருக்கும்.

இனி கணக்கு. சும்மா ஓர் உதாரணத்துக்கு எண் சொல்கிறேன், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ தேன் பாட்டில் 350 ரூபாய்க்கு விற்கிறோம். தேன் கொள்முதல் 170. பாட்டில், லேபிள், பபிள் ராப், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 40. அனுப்புகிற செலவு 80. மிச்சம் 60. இப்போது இன்ஸ்டாகிராமிலோ பேஸ்புக்கிலோ விளம்பரம் போடுகிறீர்கள். ஓர் ஆர்டர் வர 90 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 106 ஆச்சு. மிச்சம் 60, செலவு 106. ஓர் ஆர்டருக்கு 46 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஆர்டர் குவிகிறது என்று சந்தோஷப்பட்டால் அவ்வளவு வேகமாகப் பணம் கரைகிறது என்று அர்த்தம். இதை ஆன்லைன் வியாபாரத்துக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். "ஒரே நாளில் இத்தனை ஆர்டர்" என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள், லாபத்தைக் காட்ட மாட்டார்கள்.

அதே ஆள் தேன் தீர்ந்த பிறகு இரண்டாவது முறை கேட்கும்போது விளம்பரச் செலவு பூஜ்யம். அந்த 60 முழுசாக நமக்கு. இரண்டு பாட்டிலாக, கூட ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் என்று வாங்கினால் அனுப்புகிற செலவும் பங்காகிவிடும். என் வீட்டில் அடுப்பு எரிவது இந்த இரண்டாவது, மூன்றாவது ஆர்டரில்தான். முதல் ஆர்டர் வெறும் அறிமுகம்.

அதனால் பார்சலைப் பிரிக்கிற அந்த நிமிஷம் எனக்கு விளம்பரத்தைவிட முக்கியம். காட்டுகிறேன் பாருங்கள். மூடியை இறுக்கி, மேலே சீல் ஒட்டி, அப்புறம் பாட்டிலைத் தனியாக ஒரு ப்ளாஸ்டிக் கவரில் போட்டு, அதற்கு மேல்தான் பபிள் ராப். ஏனென்றால் பாட்டில் உடையாவிட்டாலும் மூடி வழியாகத் தேன் கசியும். ஒரு சொட்டுக் கசிந்தால் போதும், அட்டைப்பெட்டி முழுக்க எறும்பு. இந்தியத் தேனீயின் தேனில் ஈரம் கூடுதலாக இருக்கலாம். தேனீ அடையை மெழுகால் மூடும் முன்னே தேனை எடுத்துவிட்டால் உள்ளே புளித்துக் காற்று சேரும், திறக்கும்போது மூடி 'புஸ்' என்று கிளம்பும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. வாங்கும்போதே அதைச் சோதிக்கிற கருவியை வைத்துப் பார்த்துத்தான் எடுக்கணும். சிப்ஸும் அப்படித்தான். அண்ணாச்சி கொதிக்கிற தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே காயைச் சீவி விடுவார், பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரைத் தெளிப்பார், 'சளசள'வென்று பொங்கி அடங்கும். அது ஆறும் முன்னே பாக்கெட்டில் அடைத்தால் இரண்டு நாளில் நமுத்துவிடும். சென்னையில் பார்சலைப் பிரிக்கிறவர் நமுத்த சிப்ஸைக் கடித்தால், நான் எவ்வளவு விளம்பரம் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு வைப்பேன். "இந்த நம்பரை உங்கள் போனில் பதிந்து வையுங்கள்." ஏன் தெரியுமா? வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு, அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகிற மாதிரி அனுப்பினால், நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு லிஸ்டில் 256 பேர். இந்த லிஸ்ட்தான் என் சொத்து. இன்ஸ்டாவில் எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும் அது வாடகை வீடு. 2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக்கைத் தடை செய்தபோது லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் மறுநாள் காலையில் ஒருத்தருக்கும் ஒரு செய்தி அனுப்ப முடியாமல் நின்றார்கள்.

லிஸ்ட் இருக்கிறதே என்று தினமும் குட்மார்னிங்கும் ஆஃபரும் அனுப்பாதீர்கள். நான் சீசன் தேன் இறங்கும்போது ஒன்று, ஓணத்துக்கு முன்னால் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று, இடையில் உபயோகமாக ஏதாவது இருந்தால் ஒன்று. ரப்பர் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டணும், ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை வறண்டு பாலே நின்றுவிடும். ப்ளாக் பண்ணிவிட்டுப் போன ஆளும் அப்படித்தான், திரும்ப வரமாட்டார்.

சட்டம் பக்கம் ஒன்று. நம்மை மாதிரி மாநில எல்லையில் இருப்பவர்களுக்கு இருக்கிற வேடிக்கை இது. பொருள் விற்பதில் வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாட்டுக்குள் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னைக்கு அனுப்பினால் பிரச்சினை இல்லை. எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் கேரளாவில் இருக்கிற பாறசாலைக்கு ஒரு பாட்டில் அனுப்பினால் அது வேறு மாநிலம். வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்றால் ஒரு பாட்டில் ஆனாலும் பதிவு கட்டாயம். நமக்கு திருவனந்தபுரம் பெரிய சந்தை, அதை விடவும் முடியாது. அதனால் கொஞ்சம் சூடு பிடித்ததும் ஒரு கணக்காளரைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் வேண்டும், அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்கணும். 'வீட்டில்தானே பண்ணுகிறோம்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

யூடியூப் வருமானம் பற்றிக் கேட்கிறீர்கள். விளம்பரப் பங்கு முழுசாகக் கிடைக்க 1000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோ வழி என்றால், அதே 1000 சந்தாதாரரோடு 90 நாளில் ஒரு கோடி பார்வை. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். வந்தால் நல்லது. அதை நம்பி வீட்டு லோன் வாங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். அஃபிலியேட் லிங்க் போடுவதும் அதே மாதிரிதான். அடுத்தவர் பொருளுக்குக் கமிஷன். போட்டால் கமிஷன் வாங்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. "முதலில் இவ்வளவு கட்டுங்கள், உங்களுக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்று ஜூம் மீட்டிங்குக்கு யாராவது கூப்பிட்டால், அங்கே பொருள் என்ன, அதை உறுப்பினர் அல்லாத ஒருத்தர் காசு கொடுத்து வாங்குவாரா என்று மட்டும் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஆள் சேர்த்துப் பணம் சுழற்றுவதற்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது, 2021 நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டத்தைத் தடுக்கின்றன. கூப்பிடுகிறவர் பெரும்பாலும் நம் சொந்தக்காரராகவே இருப்பார், மறுப்பது கஷ்டம்தான். கோயில் கொடையில், கல்யாண வீட்டில் முகம் கொடுக்கணும். அதற்காக அறுபதாயிரம் கட்ட முடியுமா? டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்துப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு.

சுதந்திரம் கிடைத்ததா என்று கேட்டால், கிடைத்தது, ஆனால் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஓணத்துக்கு முன்னாலும் டிசம்பரிலும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஊரே ஸ்டார் கட்டி, கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது நான் டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன். மற்றபடி சாதாரண வாரத்தில் மதியத்தோடு பார்சல் முடிந்துவிடும். மகளைக் கூட்டிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குப் போனால் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, வேலையை எப்போது விடலாம்? லாபம் நன்றாக வந்த மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தேன் வியாபாரத்தில் மார்ச் மாதம் எல்லோரும் ராஜா. இதோ இந்த மழைக்காலத்தில் பூவும் இல்லை, தளிரும் இல்லை, தேனீக்கே சீனிப் பாகு காய்ச்சிக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்கிற சாக்புரூட் வைரஸ் வந்து நம் பகுதியில் கூடு கூடாகக் காலியானதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். தேனை மட்டும் நம்பியிருந்தால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் சிப்ஸ். ஜூலை, ஆகஸ்டில் பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிற பணம் மட்டும் வீட்டுச் செலவுக்குப் போதுமா என்று பாருங்கள். ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதலாம். இல்லையா, சம்பளத்தை வாங்கிக்கொண்டே ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்சல் கட்டுங்கள்.

அடுத்த வீடியோவில் லேபிள் எப்படி எழுதுவது, எந்த எந்த விவரம் கட்டாயம் என்று காட்டுகிறேன். உங்களிடம் லேபிள் இருந்தால் படம் எடுத்து அனுப்பி வையுங்கள், அதையே வைத்துப் பேசலாம். வாறேன் மக்களே.