பாம்பன் படகும் சூரிச் பணமும்

படகு உரிமையாளர்களுக்கும் ஓட்டிகளுக்கும் வணக்கம். பெரும் புயலில் உங்கள் படகின் இன்சூரன்ஸ் பணம் எங்கிருந்து வருகிறது, அது கிடைக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

1861 மே மாதம் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் ஊரில் பெருந்தீ. ஊரின் பெரும்பகுதி ஒரே இரவில் எரிந்துபோனது. அந்த வட்டாரத்தின் காப்பீட்டு நிதியால் ஈடுகட்ட முடியவில்லை. ஓர் ஊருக்குள் வசூலித்து அந்த ஊருக்குள்ளேயே கொடுத்தால், எல்லோருக்கும் ஒன்றாக இழப்பு வரும் நாளில் பெட்டி காலியாகிவிடும். இந்தப் பாடத்திலிருந்துதான் 1863இல் சூரிச்சில் சுவிஸ் ரீ தொடங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் கொடுக்கும் மறுகாப்பீட்டுக் கம்பெனி அது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் நமக்குத் தெரியும். அப்படியொன்று இன்று ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மூன்றிலும் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளை அடித்தால், இங்கே வசூலான பிரீமியம் எந்த மூலைக்கும் காணாது. அதனால்தான் உங்கள் கம்பெனி இழப்பை வெளியே பிரித்துக்கொடுக்கிறது. ஒன்று பங்கு முறை: பிரீமியத்தில் 40 சதவீதம் கொடுத்தால் ஒவ்வொரு இழப்பிலும் 40 சதவீதம் மறுகாப்பீட்டாளர் தருவார். மற்றொன்று மிகை இழப்பு முறை: ஒரு புயலில் முதல் 5 கோடியைக் கம்பெனி தாங்கும், அதற்கு மேல் குறித்த எல்லை வரை மறுகாப்பீட்டாளர் தாங்குவார். எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை. கலிபோர்னியாவில் பூமி அதிரும் நாளும் மன்னார் வளைகுடாவில் புயல் வரும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. மறுகாப்பீட்டாளரின் பல நாட்டு வணிகத்தின் பலமே அதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பணம் வரவில்லை என்று உங்கள் கிளெய்மை நிறுத்த முடியாது. உங்கள் ஒப்பந்தம் பாலிசி கொடுத்த கம்பெனியோடு மட்டும்தான்.

கிளெய்ம் அடிபடுவது பெரும்பாலும் நம் பக்கத் தவறால்தான். இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பிரீமியம் போய்ச் சேராமல் பாதுகாப்பு தொடங்காது. புயல் கூண்டு ஏற்றிய பிறகு ஓடிப் பயனில்லை. பாலிசியில் படகின் மதிப்பு 20 லட்சம், காப்பீட்டுத் தொகை 10 லட்சம் என்றால், 4 லட்ச ரூபாய் சேதத்துக்கு 2 லட்சம்தான். மீதிக்கு நீங்களே பொறுப்பு. பிரீமியத்தைக் குறைக்கப் பார்த்து இப்படி இழந்த குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. 1963 கடல் காப்பீட்டுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: அடிப்பலகை இணைப்பு விட்டிருப்பது தெரிந்தே உரிமையாளர் படகை அனுப்பி, அதனால் இழப்பு வந்தால் பணம் கிடையாது.

ஆகவே மீன்பிடித் தடைக்கால 61 நாளில், படகு கரையேறி நிற்கும்போதே அடிப்பகுதியையும் எஞ்சின் எண்ணையும் பதிவு எண்ணையும் படமெடுங்கள். பலகை மாற்றிய ரசீது, பெயிண்ட் ரசீது எல்லாம் சேர்த்து வையுங்கள். வலைக்குப் பாதுகாப்பு உண்டா என்று பாலிசியைப் படித்துக் கேளுங்கள். படகு தரைதட்டினால் உடனே தகவல் கொடுங்கள்; சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருமுன் பிரித்து விற்காதீர்கள். ஆனால் எஞ்சினைக் காப்பாற்ற அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், காப்பாற்றுவது உங்கள் சட்டக் கடமை. கிளெய்மை நிராகரித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்; ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.