சத்துக் கணக்கில் பார்மசிஸ்டுக்கு என்ன வேலை?

திருநெல்வேலியில் பார்ம் டி என்ற பார்மசிப் பட்டப்படிப்பில் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நோயாளியின் சாப்பாட்டைக் கவனிக்கத்தான் டயட்டீஷியன் இருக்கிறாரே, அதில் பார்மசிஸ்டுக்கு என்ன வேலை? அதை நம்பிப் பிழைக்க முடியுமா அண்ணா?" இந்த 'என்ன வேலை' இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு டாக்டரும் என்னிடம் இதையேதான் கேட்டார்.

பந்திக் கதையை முன்பே சொல்லியிருக்கிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் என்ன சமைப்பது, எவ்வளவு சமைப்பது என்பதை ஒருவர் பார்ப்பார். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்று தெரிந்த மாமா ஒருவர் தனியாக இருப்பார். நாம் அந்த மாமா.

குடல் வேலை செய்யாதவருக்கு ரத்தக்குழாய் வழியாகவே முழு உணவும் போகும். அதைத்தான் டிபிஎன் என்கிறோம். அமினோ அமிலம், குளுக்கோஸ், கொழுப்பு, உப்புகள், வைட்டமின் எல்லாம் ஒரே பையில் இருக்கும். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள். அளவு மிஞ்சினாலோ கலக்கும் வரிசை தவறினாலோ இரண்டும் சேர்ந்து பொடியாகப் படிந்துவிடும். அந்தப் படிவு நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும். 1994ல் அமெரிக்காவில் இரண்டு பேர் இப்படி இறந்ததாகத் தகவல் வந்து, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. அதனால்தான் பாஸ்பேட்டை முதலில் விட்டு, கால்சியத்தைக் கடைசிப் பக்கம் தள்ளி வைக்கிறோம். கொழுப்பு சேர்ந்தபின் பை பால் மாதிரி ஆகிவிடும், உள்ளே படிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

நானே ஒருமுறை, கைக்குழந்தைக்கான பையில், பாஸ்பேட் விட்ட கையோடு கால்சியத்தையும் விட்டுவிட்டேன். சீனியர் அக்கா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். லேசான மங்கல், அவ்வளவுதான். "இதை உன் தங்கச்சி பிள்ளைக்கு ஏத்துவியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுக்கி வைத்தார். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, இன்னொரு கணக்கு. ஐசியூவில் மயக்கத்துக்குப் போடும் புரோபோஃபால் இருக்கிறதே, அது 10 சதவீத சோயா எண்ணெய்க் கலவையில் கரைந்து வருகிற மருந்து. ஒரு மில்லியில் 1.1 கலோரி. மணிக்கு 15 மில்லி ஓடினால் ஒரு நாளைக்கு 360 மில்லி, கிட்டத்தட்ட 400 கலோரி! உணவுச் சீட்டில் அது வராது, ஏனென்றால் அது மருந்துச் சீட்டில் இருக்கிறது. கூப்பிடாமல் பந்தியில் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி. இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தம்பி, நம் வேலை.

பிழைப்பு என்று கேட்டால், அமெரிக்காவில் நோயாளியின் சத்தைக் கவனிக்கும் இந்த வேலையை 1988லேயே பார்மசியின் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றுக்கொண்டார்கள், தேர்வெழுதித் தகுதி வாங்கலாம். நம் நாட்டில் பார்ம் டி படிப்பு வந்ததே 2008ல்தான். இங்கே பல இடங்களில் மூன்று அறை கொண்ட ரெடிமேட் பை வந்துவிடுகிறது, கலக்கும் வேலை குறைவு. இந்தப் பெயரிலேயே வேலை விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். கிளினிக்கல் பார்மசிஸ்டாகச் சேர்ந்து, ஐசியூ ரவுண்ட்ஸில் ஒட்டிக்கொண்டு, டயட்டீஷியனோடு சண்டை போடாமல் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதில் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கும் கேள்வி வேறு. வீட்டில் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்ட பெரியவருக்கு மாத்திரை எப்படிக் கொடுப்பது?

ஒரு அம்மா, மாமனாரின் எல்லா மாத்திரையையும் சின்ன உரலில் ஒன்றாக இடித்துக் கஞ்சியில் கலந்து விட்டுக்கொண்டிருந்தார். குழாய் இரண்டு முறை அடைத்து, மாற்றியாகிவிட்டது. மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்தார். அதில் பிபி மாத்திரை ஒன்று, நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது. இடித்தால் முழு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். மேல் பூச்சோடு இருக்க வேண்டிய பான்டோபிரசோலைப் பொடித்தால், அமிலத்தில் கெட்டுப்போகும். ஃபெனிடாயின் கஞ்சியோடு சேர்ந்தால் ரத்தத்தில் சரியாக ஏறாது, வலிப்பு திரும்பலாம். முன்னும் பின்னும் இடைவெளி வேண்டும்.

எதையும் அவராக நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் பேசி மூன்றையும் மாற்றிக் கொடுத்தோம். ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாக, நடுநடுவே தண்ணீர் விட்டு. அந்த அம்மா கடைசியில் கேட்டார்: "இத்தனை நாளா இதை யாருங்க சொல்லணும்?"