இரண்டு வினாடியும் நடுவரின் கேள்வியும்

தலைவர் அவர்களே, ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் தலைமுறை தலைமுறையாகக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துவரும் வாத்தியார்களே, பயிற்சி முடித்த வியர்வை காயாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தம்பிகளே,

மெல்ட்ரிக் டெய்லருக்கும் ஹூலியோ சீசர் சாவேஸுக்கும் நடந்த ஆட்டத்தை நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் கடைசி நொடியில் நிறுத்தியது நியாயமா என்ற வழக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சூடு ஆறவில்லை. நியாயமே என்பது என் கட்சி.

1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் மோதிய இருவருமே அதுவரை தோல்வி காணாதவர்கள். டெய்லர் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்; கை வேகத்தில் சாவேஸை மிஞ்சியவர். பதினோரு சுற்று முடிவில், புள்ளி போடும் மூன்று நடுவர்களில் ஒருவர் 107–102 என்றும் இன்னொருவர் 108–101 என்றும் டெய்லருக்கே புள்ளி போட்டிருந்தனர். மூன்றாமவர் மட்டும் 105–104 என்று சாவேஸ் பக்கம் நின்றார். ஆனால் புள்ளி அட்டையில் ஏறாத கணக்கு டெய்லரின் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி வீங்கி, வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கிக்கொண்டே அவர் ஆடினார். கடைசியான பன்னிரண்டாம் சுற்று முடிய ஏறக்குறைய 17 வினாடி இருக்கையில் சாவேஸின் வலது கை அவரை மூலையில் சாய்த்தது. கயிற்றைப் பிடித்து எழுந்தார். ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, ஆட முடியுமா என்ற பொருளில் இருமுறை கேட்டார். பதில் வரவில்லை. டெய்லரின் பார்வை, மேடை விளிம்பில் ஏறிக் கத்திக்கொண்டிருந்த தம் பயிற்சியாளர் பக்கம் திரும்பியது. ஸ்டீல் கையசைத்து ஆட்டத்தை முடித்தார்; வெற்றி சாவேஸுக்குப் போனது. மிச்சம் இருந்தது இரண்டு வினாடி.

சாவேஸ் தள்ளி நிற்கையில் அந்த இரண்டு வினாடியில் இன்னொரு குத்து எப்படி விழுந்திருக்கும் என்று கேட்பவர்களை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பல ஆண்டுகள் நானும் அப்படிக் கேட்டவன்தான். ஆயினும் மணி பார்ப்பதற்கு வேறு ஆள் இருக்கிறார். ஆட்டத்தைத் தொடரவிடுவது என்றால், இவர் ஆடும் நிலையில் இருக்கிறார் என்று நடுவர் ஊரறியச் சான்று தருகிறார் என்று பொருள். கேட்ட கேள்விக்கு வாய் திறவாதவருக்கு அந்தச் சான்றைக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க முடியுமா? ஐந்தாம் சுற்றின் நடுவில் அதே கோலத்தில் நின்றிருந்தால் நிறுத்தியதை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சாவேஸின் பக்கமும் பாருங்கள்: சுற்று முடியும் முன்பே எதிராளியை ஆட இயலாதவராக்கியவருக்கு, நேரம் குறைவு என்பதற்காக வெற்றியை மறுப்பதும் அநியாயமே.

நடுவர் தாமதித்தால் என்ன ஆகும் என்பதை 1962 காட்டியது. நியூயார்க்கில் எமில் கிரிஃபித்திடம் மூலையில் சிக்கி, திருப்பி அடிக்கவும் இயலாமல் குத்து வாங்கிய பென்னி பாரெட் நினைவு திரும்பாமலே பத்தாம் நாள் இறந்தார்.

என் மனத்தாங்கல் டெய்லரின் மூலையிடம்தான், அதாவது மூலையில் நின்று அவரை வழிநடத்திய பயிற்சியாளர்களிடம்தான். முன்னிலையில் இருந்தவரைக் கடைசிச் சுற்றையும் வென்றாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். புள்ளிக்கணக்கு அவர்களுக்குத் தெரியாது, உண்மை. எதிரே இருந்த முகமுமா தெரியவில்லை?

இதைச் சொல்ல எனக்கு உரிமை குறைவு. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் என்னிடம் பயிலும் பையனுக்கு மூலையில் நின்றேன். இடைவேளையில் தண்ணீரை நீட்டினால், அவன் கை பாட்டிலுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. கேட்டதற்கு, "ஒன்னியும் இல்லண்ணா" என்றான். அனுப்பிவிட்டேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மேடையில் எறிய வேண்டிய துண்டு என் தோளிலேயே கிடந்தது; நடுவர்தான் நிறுத்தினார். மேடையிலேயே அவரிடம் சண்டைக்குப் போனேன். ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியில், ஆட்டம் எந்த ரவுண்டில் நின்றது என்று அந்தப் பையன் என்னிடம் மூன்று முறை கேட்டான்.